ராஜராஜன் காசா, லீலாவதி காசா?

பழைய காசு சேர்த்த பெரியவர் காலமானதும் அவருடைய டப்பாவைத் திறக்கும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "இது எவ்வளவு போகும்?" என்றுதான். யாருடைய காசு என்று கேட்பவர்கள் குறைவு. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் நண்பர் வீட்டில் அண்மையில் அப்படி ஒரு டப்பா வெளியே வந்தது. பிரிட்டிஷ் காலத்து அணாக்களுக்கு நடுவே ஒரு காகித உறை, அதற்குள் இரண்டு செப்புக்காசுகள். உறையின் மேல் பென்சிலில் 'ராஜராஜன் காசு' என்று எழுதியிருந்தது. ஒன்று ராஜராஜனுடையதுதான். மற்றது இலங்கையை ஆண்ட அரசி லீலாவதியின் காசு.

இந்தக் குழப்பம் எளிதில் நேரக்கூடியது. இரண்டிலும் முன்பக்கம் நின்ற கோலத்தில் ஓர் ஆள், கையில் மலர், இருபுறமும் கோடு கோடாக விரிந்து தொங்கும் வேட்டி மடிப்பு. பின்பக்கம் உட்கார்ந்த கோலம், கையில் சங்கு. முகம் என்று பார்த்தால் சில புள்ளிகளும் வளைவுகளும்தான். எடை இரண்டுமே 4 கிராமை ஒட்டி வரும், குறுக்களவு சுமார் 2 செ.மீ. துணிக்கு ஜி.எஸ்.எம். பார்க்கும் தராசு அந்தக் கம்பெனியிலேயே இருந்தது. ஆனால் அதில் நிறுத்தினாலும் இந்த இரண்டையும் பிரித்துவிட முடியாது.

பிரித்துக் காட்டுவது எழுத்து. பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உருவத்தின் பக்கவாட்டில், மேலிருந்து கீழாக நாகரி எழுத்துகள் இருக்கும். தஞ்சைப் பெரிய கோயில் சுவரெங்கும் தமிழில் வெட்டுவித்த மன்னனின் காசாயிற்றே என்று தமிழ் எழுத்தைத் தேடிப் பார்த்து, தேய்ந்துபோச்சு என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. துணியில் லூப் எண்ணும் மடக்குக் கண்ணாடியே இதற்குப் போதும். டேபிள் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் எழுத்தின் நிழல் எழும். ராஜராஜன் காசில் மேலே 'ஸ்ரீ', அடுத்து 'ராஜ', அதற்குக் கீழே மறுபடியும் 'ராஜ'. நாகரி தெரியாதவர்கூட ஒரே இணை எழுத்து இரண்டு தடவை வருவதைக் கண்டுகொள்ளலாம்.

லீலாவதி காசிலும் தொடக்கம் 'ஸ்ரீ ராஜ' தான். நண்பரின் தாத்தா ஏமாந்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்குக் கீழே 'லீலா', பிறகு 'வதி'. 'லீ'யின் நெடில் குறி எழுத்துக்கு மேலே வளைந்து எழும். ராஜராஜன் காசில் அந்த இடத்தில் அப்படி எதுவும் கிடையாது. கீழ்ப்பாதி தேய்ந்திருந்தாலோ, அச்சு விலகி விழுந்திருந்தாலோ அவசரப்பட்டுப் பெயர் சூட்டக் கூடாது. 'அடையாளம் தெரியவில்லை' என்று எழுதி வைப்பது தவறான பெயரைவிட மேல்.

இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 200 ஆண்டு. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜன் இலங்கையின் வடபகுதியைப் பிடித்துப் பொலன்னறுவையை ஜனநாதமங்கலம் ஆக்கினான். இந்த நின்ற கோல உருவம் அங்கே ஏற்கெனவே வழங்கிய பொற்காசுகளிலிருந்து சோழருக்கு வந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சோழர் அதைச் செம்பில் ஏராளமாக அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை விரட்டினான். ஆனாலும் முதலாம் பராக்கிரமபாகு உள்ளிட்ட பிற்கால மன்னர்கள் அதே உருவத்தையே தங்கள் செப்புக்காசில் பொறித்துக்கொண்டார்கள். சந்தையில் கை பழகிய காசின் முகத்தை மாற்ற எந்த ஆட்சிக்குத்தான் துணிவு வரும்? இரண்டு நாட்டுக் காசு வரலாற்றையும் பின்னிப் போட்ட இழை இது. கோட்ரிங்டன் 1924இல் இலங்கை நாணயங்கள் பற்றி எழுதிய நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த வரிசை முழுக்க விளங்கும்.

லீலாவதி அந்தப் பராக்கிரமபாகுவின் பட்டத்தரசி. 1197, 1209, 1211 என மூன்று முறை அரியணை ஏறியவள், ஒவ்வொரு முறையும் தளபதிகளின் துணையோடு. கடைசியில் பாண்டிய நாட்டிலிருந்து படையோடு போன பராக்கிரம பாண்டியன் அவளை இறக்கினான். அவளுடைய காசிலும் நிற்பது அதே ஆண் உருவம்தான். அவளுக்கென்று அதில் இருப்பது பெயர் ஒன்றே. நம் இடைக்காலத்தில் ஒரு பெண் தன் பெயரிலேயே காசு வெளியிட்டது மிக அரிது. சந்தையில் ராஜராஜன் பெயருக்கு மதிப்பு அதிகம் என்பதற்காக அதையும் அவன் கணக்கில் சேர்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

காசு கிடைத்ததும் புளி போட்டுத் தேய்ப்பது, சாயப்பட்டறை ஆசிடில் முக்குவது இரண்டும் வேண்டாம். செம்பின் மேல் படிந்த பச்சைக் களிம்போடு எழுத்தின் மெல்லிய கோடும் போய்விடும். அந்த 'லீ'யின் வளைவு போனால் லீலாவதி போனாள். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடோ, மேலே ஊசிமுனைக் குழிகளோ தெரிந்தால் வார்ப்புப் போலி என்று சந்தேகிக்கலாம். கோவை அரசு அருங்காட்சியகத்திலோ சென்னை எழும்பூரிலோ காட்டிக் கேட்பது நல்லது.

ஏற்றுமதிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு பையர் வந்தால் நினைவுப் பரிசாக இப்படி ஒரு காசைக் கொடுக்கலாமே என்று தோன்றும். 100 ஆண்டைக் கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது.