‘மாத்திரை சாப்பிட்டீங்களா?’ – ஒரு கேள்வி பிறந்த கதை

காசநோய் என்றாலே சானடோரியம் என்றிருந்த காலம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு இருக்கிறது. இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் வீட்டிலேயே இருமிக்கொண்டு கிடந்தார்கள். 1952-இல் ஐசோனியாசிட் புழக்கத்துக்கு வந்தது. விழுங்கும் மருந்திலேயே நோய் தீருமென்றால் படுக்கை எதற்கு என்று மருத்துவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள்.

அதைச் சோதித்துப் பார்க்கத்தான் 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் பிரிட்டனிலிருந்து வந்து பொறுப்பேற்றார். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை சானடோரியத்தில் சேர்த்தார்கள். இன்னொரு பிரிவை வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. ஐசோனியாசிட்டோடு சேர்த்துக் கொடுத்த பாஸ் என்ற மருந்து லேசானதல்ல. தினமும் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும்.

சானடோரியத்தில் நர்ஸ் பக்கத்தில் நின்று விழுங்க வைத்துவிடலாம். ஒண்டுக் குடித்தனத்தில், பிள்ளைகுட்டிகளுக்கு நடுவே, கொஞ்சம் தெம்பு வந்ததும் வேலைக்கு ஓடும் மனிதர் மருந்து சாப்பிடுகிறாரா என்று யார் பார்ப்பது?

மையத்துக்காரர்கள் வீட்டுக்கே போனார்கள், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். மிச்சமிருக்கும் மருந்தை எடுத்துவரச் சொல்லி எண்ணினார்கள். சிறுநீர் வாங்கி ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார்கள். பாஸ் உள்ளே போயிருந்தால் செவ்வூதா நிறம் காட்டும். மருந்தைக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்காமல், கொடுத்த மருந்து என்ன ஆனது என்று ஒரு மருத்துவ மையம் இவ்வளவு முறையாகத் தேடிப்போனது அன்றைக்குப் புதிது.

முடிவுகள் 1959-இல் வெளியாயின. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினரிடமும், வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினரிடமும் கிருமி அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, இட நெருக்கடி வேறு; அப்படியும் இந்த அளவு. அவர்கள் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் காலியானதில் இந்த ஆய்வுக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த எண்களைவிட ஃபாக்ஸ் 1958-இல் எழுதிய ஒரு கட்டுரையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நோயாளி தன் கையால் மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலை மட்டுமே பேசும் கட்டுரை அது. இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறியதும் மாத்திரை கசக்கத் தொடங்குகிறது. இதில் படித்தவர் படிக்காதவர் பேதம் கிடையாது. மருந்து பலிக்காத நோயாளியைப் பார்த்து ‘எந்த மருந்து கொடுத்தோம்?’ என்று மட்டுமே கேட்டுவந்த மருத்துவம், ‘சாப்பிட்டீங்களா?’ என்றும் கேட்டாக வேண்டிய கட்டாயம் அங்கே வந்தது.

அந்தக் கேள்வி இரண்டு வழியாகப் பிரிந்தது. ஒன்று கண் முன்னாலேயே விழுங்க வைப்பது. 1960-களில் சென்னையிலேயே அதைச் சோதித்தார்கள். 1990-களில் அது டாட்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் போனது, கோடிக்கணக்கானோரைக் குணப்படுத்தியது. அதன் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் யார் எதிரில் நிற்பது? நாள்பட்ட நோய்க்கு வளர்ந்த நாடுகளிலேயே பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து சாப்பிடுகிறார்கள் என்று 2003-இல் உலக சுகாதார நிறுவனம் எழுதியது. அங்கே வேண்டியது இரண்டாவது வழி: சாப்பிடவில்லை என்றால் ஏன் என்று கேட்பது, கேட்டுவிட்டுக் காது கொடுப்பது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மறுபடி வீட்டு வாசலுக்கே போயிற்று. மருந்தாளுநர் நோயாளியிடம் மருந்தைப் பற்றி விளக்கிப் பேச வேண்டும் என்பதை 2015-ஆம் ஆண்டின் மருந்தக நடைமுறை விதிகள் அவருடைய கடமையாகவே ஆக்கியிருக்கின்றன. நடப்பில், கூட்டம் நெரியும் ஓ.பி. மருந்துச் சன்னலில், ‘காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அடுத்த ஆள் வா’ என்பதற்கு மேல் பல இடங்களில் பேச்சு நீள்வதில்லை.

தூத்துக்குடி மாதிரி ஊரில் அந்தப் பேச்சு போதாது. இங்கே விசைப்படகுகள் விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் கரை சேர்பவை. சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வலை இழுக்கும் மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் நடுக்கடலில் மயக்கம் வரலாம். சங்கு குளிக்க இறங்கும் ஆளுக்குத் தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையை ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தனுப்பலாமா?

உப்பளத்துக்குப் போகும் பெண்ணின் கதை இன்னும் கடுமை. இருட்டிலேயே அளத்தில் இறங்கினால்தான் வெயில் ஏறுமுன் பாதி வேலையாவது முடியும். பிரஷருக்கு டாக்டர் எழுதிய, சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையைக் காலையில் போடச் சொல்லியிருப்பார்கள், ராத்திரித் தூக்கம் கெடக்கூடாதே என்று. சன்னலுக்குள் இருக்கும் மருந்தாளுநர் கேட்டால்தான் அந்தப் பெண் வாய் திறப்பார்.

“அக்கா, போன மாச மாத்திரை பாதி மிச்சம் இருக்கே?”

“காலையில போட்டா அளத்துல ஒதுங்க இடம் ஏது தம்பி? வேலை இல்லாத நாள்ல மட்டும் போட்டுக்கிடுதேன்.”

கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளிப் பாத்தியும் வரப்பும். ஒரு மறைவு கிடையாது. இது தெரியாத டாக்டர், பிரஷர் குறையவில்லையே என்று அடுத்த முறை மாத்திரையைக் கூட்டி எழுதுவார். தெரிந்த மருந்தாளுநர் சீட்டைத் திருப்பிக் கொடுக்கமாட்டார். தானே எழுந்துபோய் டாக்டரிடம் சொல்லி, வேலை முடிந்து வீடு திரும்பியபின் மதியத்தில் போடலாமா, வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்று கேட்டு வருவார். இரண்டு நிமிடம் ஆகும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அதனால்தான் மருந்து கொடுக்கும் சன்னல் தனியாகவும், மருந்தைப் பற்றிப் பேச ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் தனியாகவும் வேண்டும் என்கிறேன். அதில் உட்காரும் மருந்தாளுநருக்கு அன்றைக்கு வேறு வேலை வைக்கக்கூடாது.