சரஸ்வதி உடுத்திய மஞ்சள் பட்டு

எங்க வீட்டு சரஸ்வதி மஞ்சள் பட்டு உடுத்தியிருந்தாள். பூதப்பாண்டி வீட்டு பூசை அறையில், தேக்குச் சட்டத்துக்குள்ள, கண்ணாடி இல்லாம தொங்கின ரவி வர்மா படம் அது. பாட்டா காலத்துல வாங்கினது. பள்ளிக்கூடத்துல வாத்தியார் "சரஸ்வதிக்கு வெள்ளைப் புடவை"ன்னு சொன்ன அன்னிக்கு ஓடி வந்து ஆச்சிகிட்ட கேட்டேன்.

"பூசை அறையிலல்லாலே இருக்கா, பட்டுதான் உடுத்துவா" என்றாள் ஆச்சி. அதோட விசாரணை முடிஞ்சது :-)

அந்த மஞ்சள் புடவையோட நிறமே இல்லைன்னு தெரிய எனக்கு இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. தெரிஞ்சுகிட்ட விதம்தான் சரியில்லை. அதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. ரவி வர்மாவும் (1848-1906) அதே திருவிதாங்கூரில் கிளிமானூர்க்காரர். அங்கே 1857 முதல் 1872 வரை திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். படம் கேட்கிறவர்கள் ஏராளம், வரையும் கை இரண்டுதான், அதனால் நல்ல படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சு எடுங்கள் என்று ரவி வர்மாவுக்கு யோசனை சொன்னவர் அவர்தான். ரவி வர்மா ஒரு படி மேலே போய், ஜெர்மானிய இயந்திரங்களையும் ஆட்களையும் வரவழைத்து 1894ல் பம்பாயில் சொந்த அச்சகமே தொடங்கிவிட்டார். முதலில் வெளிவந்த படம் சகுந்தலையின் பிறப்பு. அச்சகம் பிறகு லோனாவாலா பக்கம் மாளவ்லிக்குப் போனது. அங்கே ஃப்ரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறியது. கடைசியில் 1972ல் தீயில் அழிந்தது.

இந்தப் படங்களுக்கு ஓலியோகிராஃப் என்று பெயர். எண்ணெய்ப் பசை கலந்த மையில் கல் அச்சு. ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒரே தாள் பல கற்கள் மேல போய் வரணும், ஒரு மயிரிழை விலகினாலும் சரஸ்வதிக்கு இரண்டு மூக்கு! எல்லாம் முடிந்த பிறகு பல படங்களுக்கு மேலே வார்னிஷ் பூசுவார்கள். சிலவற்றில் கித்தான் துணியின் இழை மாதிரி வரிகளையும் அழுத்தி வைப்பார்கள். நோக்கம் இரண்டு. காகிதப் படம் எண்ணெய் ஓவியம் போலப் பளபளக்கணும், புகையும் ஈரமும் விரலும் மையைத் தொடாம இருக்கணும்.

இங்கதான் சிக்கல். காக்க வந்த வார்னிஷுக்கும் வயசாகும். காற்றுபட்டு வெளிச்சம் பட்டு மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும். எங்க வீட்டில் ஆச்சி ஏற்றின எண்ணெய் விளக்குப் புகையும் சேர்ந்துகிட்டது. அப்படி மஞ்சளானதுதான் அந்தப் பட்டு.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. அஜந்தா குகை ஓவியங்களைப் பாதுகாக்க நிஜாம் அரசு 1920ல் இத்தாலியிலிருந்து செக்கோனி, ஓர்சினி என்று இரண்டு நிபுணர்களை வரவழைத்தது. உதிர்ந்துகொண்டிருந்த சாந்தை அவர்கள் ஒட்டி நிறுத்தியது பெரிய வேலைதான். ஆனால் ஓவியங்கள் மேல் ஷெல்லாக், அதாவது நம்ம ஆசாரிமார் மேசைக்குப் பூசும் அரக்கு பாலிஷ், பூசினார்கள். அது கருத்துப்போய், நீலமும் பச்சையும் மங்கி, பிறகு வந்த தொல்லியல் துறை வேதியியலாளர்கள் பல வருசம் உட்கார்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டியிருந்தது.

நம்ம பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை உப்பிரிகை மாளிகையின் மேல்மாடியில் சுவரோவியங்கள் இருக்கின்றன. பொதுவாக யாரையும் மேலே விடமாட்டார்கள். சின்ன வயசில் எனக்கு அதில் ரொம்ப கோபம். இப்ப யோசிச்சா, வெளிச்சத்தையும் மூச்சுக்காற்றையும் விலக்கி வைக்கிறதும் ஒரு பூச்சுதான்னு தோணுது. மஞ்சளாகாத பூச்சு.

சரி, என் கதைக்கு வாறேன்.

ஆச்சி போன பிறகு படத்தை நாகர்கோவில் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஆளில்லாத நேரம், பெயிண்ட் அடிச்சு மிச்சமிருந்த தின்னரைப் பஞ்சில் தொட்டு ஓரமாகத் துடைத்துப் பார்த்தேன். பஞ்சு டீத்தூள் நிறமாச்சு. அடியில் வெள்ளை! நல்ல பால் வெள்ளைப் புடவை! வாத்தியார் சொன்னது சரிதான். எனக்குக் கை நிற்கலை. புடவை முடிஞ்சு மயிலுக்குப் போனேன். இரண்டாவது தேய்ப்பில் பஞ்சு நீலமாச்சு.

மயிலோட கழுத்து பஞ்சில் வந்துடுச்சு.

பாட்டா காசு கொடுத்து வாங்கி, ஆச்சி ஐம்பது வருசம் பூ வெச்ச படம். ஐந்து நிமிசத்துல நான் அழிச்சேன். அன்னிக்கு ராத்திரி அம்மா படத்தைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. திட்டியிருந்தா பரவாயில்லை.

மிச்சமிருந்ததைப் படம் பிடிச்சு பெரிசா பிரிண்ட் போட்டேன். முதல் பிரிண்ட் சாதாரண சாய மையில், பூச்சு எதுவும் இல்லாம. வெயில் படுற முன்னறையில் மாட்டினேன். இரண்டு வருசத்துல தேவி நீலமாகிட்டாள். தெருவோரத்துல வெயில்ல கிடக்கும் பழைய சுவரொட்டி பார்த்திருப்பீங்க. சிவப்பும் மஞ்சளும் முதல்ல ஓடிப்போய் தலைவர் முகம் நீலமா நிற்கும். அதே கதை. அடுத்த பிரிண்டுக்கு நானே தண்ணி கலந்த அக்ரிலிக் பூச்சைத் தூரிகையால் பூசினேன். சாய மை தண்ணியில் கரையும்னு யோசிக்கலை. வீணை வழிஞ்சு மடியில் இறங்கிடுச்சு.

அப்புறம்தான் பிரிண்ட் போடுற தம்பி ஒருத்தர் உட்கார வெச்சுச் சொல்லித்தந்தார். "அண்ணே, முதல்ல பிக்மெண்ட் மை. சாயம் மாதிரி கரையாது, வெயிலையும் தாங்கும். கேன்வாஸ்ல போடுங்க, ஒரு நாள் முழுசா காயட்டும். ஈரத்தோட மேல பூசினா பூச்சு கூடாது. பிறகு லிக்விட் லேமினேஷன். ஸ்பாஞ்சு ரோலர்ல மெலிசா ஒண்ணு, காய்ஞ்சப்புறம் குறுக்க ஒண்ணு."

பிளாஸ்டிக் தாள் ஒட்டினா என்னன்னு கேட்டேன். கேன்வாஸைச் சட்டத்துல மடக்கி அடிக்கிற இடத்துல தாள் வெடிச்சு உரியும், குமிழி வரும், துணியோட இழையும் மறைஞ்சிடும். திரவம்னா இழையோட இழையா உட்காரும். மடக்கினா கூடவே மடங்கும். மழைக்காலத்துல மட்டும் பூச வேண்டாம்னார். காற்றுல ஈரம் இருந்தா சில பூச்சுகள் பால் மாதிரி வெளுக்குமாம். இரண்டு பருவ மழையும் பெய்யுற நம்ம ஊர்ல நல்ல நாள் பார்க்கிறது கல்யாணத்துக்கு மட்டும் இல்லை போல :-)

மாசி மாச வெயிலில் மாடியில் வெச்சுப் பூசினோம். அந்த ஈரப் பளபளப்பைப் பார்க்கும்போதுதான் உறைச்சது. துணியில் அச்சு, மேலே பளபளப்பு, எண்ணெய் ஓவியம் போல ஒரு தோற்றம். 1894ல் பம்பாயில் கல்லை உருட்டினவங்க செஞ்ச அதே வேலையைத்தான் நாங்களும் செஞ்சுகிட்டிருந்தோம். இந்தப் பூச்சுக்கும் ஒரு நாள் வயசாகும். ஆனா நகலுக்குத்தானே, வேற ஒண்ணு போட்டுக்கலாம். அசலுக்கு அந்த வசதி கிடையாது.

இப்ப முன்னறையில் வெள்ளைப் புடவையில் புது சரஸ்வதி. பழையவளைப் பருத்தித் துணியில் சுத்தி அலமாரியில் வெச்சிருக்கேன், கழுத்தில்லாத மயிலோட. பாதிப் புடவை வெள்ளை, மீதிப் பாதி இன்னும் மஞ்சள். அந்தப் பாதியை நான் தொடலை. அது ஆச்சி ஏற்றின விளக்கோட நிறம்.

உங்க வீட்டுலயும் பழுப்பேறின படம் ஏதாவது தொங்கினா, காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி மட்டும் தட்டுங்க. வெயில் படாத சுவருக்கு மாத்துங்க. நல்லா படம் பிடிச்சு நகல் எடுத்து, பூச்சை அதுமேல பூசிப் பாருங்க. தின்னர் பாட்டிலை மட்டும் திறந்துடாதீங்க மக்களே.