கரிசல் மண்ணில் இசைத்தட்டு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மானாவாரிக் கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் சோளமும் மழையை நம்பி விளையும். அருப்புக்கோட்டையில் தறியும் ஓடும். சபா வைத்துக் கச்சேரி கேட்பது தஞ்சை, சென்னைப் பக்கத்து வழக்கம். இங்கே இசை கோயிலையும் திருவிழாவையும் ஒட்டியே வாழ்ந்தது. குண்டாற்றங்கரையில் உள்ள திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் சுந்தரர் பாடிய தலம். அங்கே தேவாரமும் நாகசுரமும் உண்டு. ஊர்ப் பொங்கல் என்றால் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகமும் ஆர்மோனியமும் உண்டு. பெரிய வித்துவானின் பாட்டு இந்த ஊர்களுக்கு எட்டியது பெரும்பாலும் அரக்குத் தட்டின் வழியாகத்தான்.

இந்தியாவில் வணிக ரீதியான ஒலிப்பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் அங்கே கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். 1908இல் சியால்தாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை வந்தது. 1928இல் அது டம்டமுக்கு மாறியது. தட்டின் உடம்பு அரக்கும் கற்பொடியும் கரியும் கலந்தது. நொறுங்காமல் இருக்கக் கொஞ்சம் பஞ்சிழையும் சேர்ப்பார்கள் என்பது பருத்திக்காட்டுக்காரர்கள் ரசிக்கக்கூடிய செய்தி. பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம் பாடும். கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும். எஃகு ஊசியைப் பக்கத்துக்கு ஒன்றாக மாற்ற வேண்டும்; மாற்றாமல் ஓட்டினால் தட்டின் வரி தேய்ந்து, பாட்டுக்குப் பதில் கரகரப்புதான் மிஞ்சும். வெயிலில் வைத்தால் தட்டு அப்பளம் போல நெளிந்துவிடும். பங்குனி, சித்திரையில் திருவிழா நடத்தும் ஊர்களில் இது சின்னக் கவலை அல்ல.

அருப்புக்கோட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், மதுரை அனுமந்தராயன் கோயில் தெருவில் வளர்ந்த ஒரு சிறுமி 1926இல் இசைத்தட்டில் பாடினாள். வயது பத்து. தாய் சண்முகவடிவு வீணைக் கலைஞர். ‘மரகத வடிவும்’ என்ற அந்தப் பாட்டுதான் எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு. சென்னை மியூசிக் அகாதெமியில் அவர் மேடை ஏறியதற்குச் சில ஆண்டுகள் முந்தியது அது. பாடகர் முதலில் மேடையில் பெயர் எடுத்து, பிறகு தட்டுக்கு வருவதுதான் வழக்கம். இங்கே குழந்தையின் குரலை மேடைக்கு முன்பே தட்டு பிடித்துக்கொண்டது. அதில் வியப்பில்லை. 1925 வரை பதிவு என்பது புனலின் வாய்க்குள் பாடுவதுதான். மைக் கிடையாது. மேல் ஸ்தாயியில் கணீரென்று ஒலிக்கும் சாரீரம்தான் மெழுகில் ஆழமாகப் பதியும். மின்சாரப் பதிவு வந்த பிறகும் அந்தக் குரல்களின் மீதிருந்த மோகம் குறையவில்லை.

தட்டு கேட்ட விலை காலம். மணிக்கணக்கில் விரியும் ராகத்தை மூன்று நிமிடத்துக்குள் மடக்க வேண்டும். ஆலாபனை நாலைந்து பிடிகளாகச் சுருங்கியது. நிரவலும் தனி ஆவர்த்தனமும் உதிர்ந்தன. ஐரோப்பாவிலும் இதே தொல்லைதான். பீத்தோவனின் பியானோ சொனாட்டாக்கள் முப்பத்திரண்டையும் முதன்முதலில் முழுமையாகப் பதிவு செய்தவர் ஆர்தர் ஷ்னாபெல். 1932 முதல் 1935 வரை, லண்டனில், எச்.எம்.வி. கம்பெனிக்காக அவர் வாசித்தார். முன்பணம் கட்டிய சந்தாதாரர்களை நம்பி வெளியிட்ட தட்டுகள் அவை. பல இடங்களில் இசை பாதியில் நிற்க, கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டார். சொனாட்டாவுக்கு எழுதிவைத்த ஸ்வரம் இருந்ததால் அதைத் துண்டாக்கி ஒட்ட முடிந்தது. அப்போதைக்கப்போது பிறக்கும் ஆலாபனையைத் துண்டாக்க முடியாது, சுருக்கத்தான் முடியும். நாகசுர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டு அந்தச் சுருக்கத்திலும் இவ்வளவு சொல்லலாம் என்று காட்டியது.

கரிசல் ஊர்களுக்கு இசைத்தட்டுகளில் அதிகம் பழகியவை நாடகக்காரர்களுடையவை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகள் பாடத் தெரிந்த சிறுவர்களை வளர்த்தெடுத்தன. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் சிறுவயதிலேயே மேடை ஏறியவர்தான். 1933இல் இறந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் பாடிய ‘எவரனி’ தியாகராஜர் கீர்த்தனை. சபா வாசலை மிதித்திராத சம்சாரியும் தியாகராஜரைக் கேட்டது இப்படி ஒரு ராஜபார்ட் நடிகரின் தொண்டையிலிருந்துதான். இசை வரலாற்று நூல்கள் இந்தக் கடனை அரைகுறையாகத்தான் ஒப்புக்கொள்கின்றன.

முதலில் பெட்டி வைத்திருந்தவர்கள் வசதிக்காரர்கள். ஊர் முழுக்கக் கேட்டது ஒலிபெருக்கிக் குழாய் வந்த பிறகு. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் மைக்செட்காரர் முதல்நாள் சாயங்காலமே வந்து, வேப்பமரத்திலோ பனையிலோ குழாய்களைத் திசைக்கொன்றாகக் கட்டுவார். தகரப்பெட்டியில் தட்டுகள் காகித உறையோடு செங்குத்தாக நிற்கும். பிள்ளையார் பாட்டில் தொடங்கி, பக்திப் பாட்டு ஓடி, அப்புறம்தான் சினிமாப் பாட்டு. ஊருக்கு வெளியே மரமற்ற பொட்டலில் சத்தம் தடையின்றிப் போகும். இரண்டு ஊர் தாண்டிக் களை வெட்டுகிறவர்களுக்கும் எந்த ஊரில் விசேஷம் என்று தெரிந்துவிடும். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம், 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் ‘சிங்கார வேலனே தேவா’ மூலம் இந்தக் குழாய்களில் ஏறியது. எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரி ராகம் பருத்திக்காட்டில் ஒலித்தது. ராகத்தின் பெயர் தெரியாமலே அதை முழுசாக முணுமுணுத்தவர்கள் ஏராளம்.

நெடுநேரத் தட்டு வந்ததும் மூன்று நிமிடக் கட்டு அவிழ்ந்தது. பத்து வயதில் ஒரு பாட்டோடு தொடங்கிய எம்.எஸ்., 1963இல் எச்.எம்.வி.க்காக வேங்கடேச சுப்ரபாதத்தை நெடுநேரத் தட்டில் பாடினார். அது விடிகாலைக் குழாய்களின் முதல் பாட்டாகப் பல ஊர்களில் நிலைத்தது. 1970களின் தொடக்கத்தோடு 78 சுற்றுத் தட்டுகளின் உற்பத்தி இந்தியாவில் நின்றது. அடுத்த பத்தாண்டில் கேசட் வந்தபோது மைக்செட்காரர்கள் தட்டுப்பெட்டிகளைப் பரணில் ஏற்றினார்கள். குழாய்கள் மட்டும் மரத்திலேயே இருந்தன.