பம்பரும் பட்டறையும்

கோவையில் ஜெயெம் ஆட்டோமோட்டிவ்ஸ் என்று ஒரு நிறுவனம். 2017-ல் எஞ்சின் இல்லாத டாடா நானோ உடல்களை வாங்கி, அதில் 48 வோல்ட் மின் இயக்கத்தைப் பொருத்தி, ‘ஜெயெம் நியோ’ என்று பெயர் வைத்தது. வெளியே பார்த்தால் அதே பழைய நானோதான். உள்ளே இருந்த சமாச்சாரம்தான் வேறு. அடுத்த ஆண்டு அக்டோபரில், டாடாவோடு பாதிக்குப் பாதி கூட்டாக அது நடத்திய ஜே.டி. ஸ்பெஷல் வெஹிகிள்ஸ், ‘டியாகோ ஜே.டி.பி.’ என்ற காரைக் கொண்டுவந்தது. இந்தத் தடவை முகமே மாறியிருந்தது: வாய் பிளந்த முன்பம்பர், பானெட்டில் ஒரு காற்றுத் திறப்பு, பக்கவாட்டில் ஸ்கர்ட், 15 அங்குலச் சக்கரம். முகத்துக்குப் பின்னால் சரக்கும் இருந்தது. சாதாரண டியாகோவின் 85 குதிரைத்திறன், டர்போ எஞ்சினால் 114 ஆகியிருந்தது. 2020-ல் பி.எஸ்.6 விதி வந்ததும் அந்தக் கார் நின்றுபோனது.

ஒரே ஊரில், ஒரே நிறுவனத்தின் கை பட்டு, ஒரு மின்சாரச் சின்னக் காரும் ஒரு முறைப்பான சின்னக் காரும் பிறந்தன. இரண்டையும் சேர்த்து ஒரே வண்டியாக யாரும் செய்யவில்லை. அந்தச் சேர்க்கையைத்தான் இப்போது நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளில் பையன்கள் செய்யச் சொல்கிறார்கள். மின்சார டியாகோவை ஓட்டிவந்து நிறுத்தி, “அண்ணே, மூஞ்சிய மட்டும் மாத்திக் குடுங்க” என்கிறார்கள்.

“கரண்டு வண்டிக்கு எதுக்குய்யா அவ்ளோ பெரிய வாய்?” என்று சிரிப்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி, கார் உடல் என்பது எப்போதுமே கம்பெனி கொடுத்ததாக இருந்தது என்று நினைத்துக்கொள்கிறது. நம் ஊர் வரலாறு அப்படி இல்லை.

சென்னை சிம்ப்சன் நிறுவனம் 1840-ல் குதிரை வண்டி கட்டும் தொழிலாகத் தொடங்கியது. 1903-ல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரைக் கட்டினார். வண்டிப்பெட்டி கட்டிய தச்சர்களும் கொல்லர்களும் கார் கட்டுகிறவர்களாக மாறியதில் பெரிய தாவல் எதுவும் இல்லை. ஏனென்றால் அந்தக் காலத்தில் காரும் இரண்டு துண்டு. கீழே சேஸிஸ், மேலே உடல். சேஸிஸை ஒருவர் செய்வார், உடலை இன்னொருவர் கட்டுவார். ‘பாடி கட்டுறது’ என்ற சொல் இன்றும் நம்மிடம் உயிரோடு இருக்கிறதே, அது இங்கிருந்து வந்ததுதான். வீடு கட்டுகிறோம், பாடி கட்டுகிறோம், ஒரே வினைச்சொல். வடமதுரையிலிருந்து எரியோடு வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் கரூர். வெறும் சேஸிஸின் மேல் பெட்டியும் கண்ணாடியும் இல்லாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு டிரைவர் கரூர்ப் பக்கம் ஓட்டிப்போவதைப் பார்த்து வளராத திண்டுக்கல் மாவட்டத்துப் பிள்ளைகள் குறைவு. சில மாதங்கள் கழித்து அதே சேஸிஸ் பூப்போட்ட பஸ்ஸாகத் திரும்பி வரும்.

கார்களில் இந்தக் கதை சீக்கிரம் முடிந்துவிட்டது. உடலையும் சட்டத்தையும் ஒன்றாகப் பற்றவைத்த மோனோகாக் அமைப்பு வந்ததும், ‘கட்டுவதற்கு’ எதுவும் மிச்சமில்லை. நாம் பாரமாகக் கற்பனை செய்யும் அம்பாசடர்கூட அந்த ஜாதிதான். டிங்கருக்குத் தட்டி நிமிர்த்தும் வேலை மட்டும் மிஞ்சியது. முன்னும் பின்னும் குரோம் பூசிய இரும்புப் பட்டை ஒன்று, நட்டு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் பம்பர், அலங்காரமும் அதுவே, காவலும் அதுவே.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. பிரான்சில் 1972-ல் வந்த ரெனோ 5, பிளாஸ்டிக் பம்பரைப் பெருமளவு உற்பத்திக் காருக்குக் கொண்டுவந்தது. அதற்கடுத்த ஆண்டு அமெரிக்கா, மணிக்கு 5 மைல் வேகத்தில் இடித்தால் விளக்கும் மற்ற பாதுகாப்பு உறுப்புகளும் கெடக்கூடாது என்று விதி போட்டது. மெல்ல மெல்ல பம்பர் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே எஃகு விட்டம், அதன்மேல் நுரை, எல்லாவற்றுக்கும் வெளியே வண்ணம் பூசிய பாலிபுரோப்பிலீன் தோல். நாம் இன்று பம்பர் என்று தொட்டுக் காட்டுவது அந்தத் தோலைத்தான். அது எதையும் தாங்குவதில்லை; சில ஸ்க்ரூவும் கிளிப்பும் கழற்றினால் கையோடு வந்துவிடும். மோனோகாக் பிடுங்கிக்கொண்ட உடலில் ஒரு துண்டு, இப்படிப் பின்வாசல் வழியாகப் பட்டறைக்குத் திரும்பி வந்தது.

இந்தியாவின் மின்சாரச் சின்னக் கார்களைப் பார்த்தால் இந்தத் தோல் விவகாரம் இன்னும் துலக்கமாகிறது. 1993 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டு இருக்கை மின்கார் காட்டப்பட்டது. அதைச் செய்த எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் கேரளத்துச் சாலக்குடியிலும் கோவையிலும் இயங்கியது. வியாபாரம் ஓடவில்லை. 2001-ல் பெங்களூரில் சேதன் மைனியின் ரேவா வந்தது. எஃகுக் குழாய்களால் ஆன கூடு, அதன்மேல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் தகடுகள். நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்தது. காருக்கு முழுக்க முழுக்கச் சட்டை மாட்டியது போல. சேஸிஸும் பாடியும் வேறு வேறு என்ற பழைய ஏற்பாடு, எண்பது வருடம் கழித்து மின்சாரத்தின் தயவில் திரும்பியது என்றே எனக்குத் தோன்றுகிறது. ரேவாவும் அந்த வசதியை விடவில்லை. திலீப் சாப்ரியா வடிவமைத்த என்.எக்ஸ்.ஜி. என்ற விளையாட்டுத்தனமான மாதிரியை வெளிநாட்டுக் கண்காட்சிகளில் காட்டியது. அந்த உருவில் அது விற்பனைக்கு வரவில்லை. 2010-ல் மகிந்திரா அந்தக் கம்பெனியை வாங்கியது.

லண்டனில் இந்த ரேவா 2004 முதல் ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் ஓடியது. 2007-ல் ஒரு பத்திரிகை அதைச் சுவரில் மோதவிட்டுப் பார்த்தபோது முடிவு பயங்கரமாக இருந்தது. அடுத்த ஆண்டு வந்த மாதிரியில் கம்பெனி கைவைத்தது சேஸிஸிலும் ஸ்டியரிங் தண்டிலும் பிரேக்கிலும்தான். உயிர் தோலில் இல்லை, கூட்டில் இருக்கிறது. பம்பர் மாற்ற நினைக்கிறவர் இந்த ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

இப்போது வடமதுரைக்கு வருகிறேன். திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையும் நூற்பாலைகளும் உள்ள ஊர். ஆலை வேலைக்கும் திண்டுக்கல்லுக்கும் தினமும் போய்வருகிறவர்களுக்கு 19.2 கிலோவாட் மணி பேட்டரியுள்ள மின்சார டியாகோ கணக்குக்குச் சரியாக வருகிறது. 2022 செப்டம்பரில் அது அறிமுகமானபோது கம்பெனி சொன்ன தூரம் 250 கிலோமீட்டர். ஊர் ஓட்டத்தில் குறையும், குறைந்தாலும் போதும்.

சாலையோரப் பட்டறை ஒன்றில் அப்படி ஒரு வண்டியின் முன்பம்பரைக் கழற்றி வைத்திருந்ததை ஒருநாள் நின்று பார்த்தேன். ஜே.டி.பி. மாதிரியே ஒரு முகம் வேண்டும் என்று வண்டிக்காரப் பையனுக்கு ஆசை. சிக்கல் என்னவென்றால், 2020 ஜனவரியில் டியாகோவின் முகத்தையே டாடா மாற்றிவிட்டது. மின்சார டியாகோ அந்தப் புது முகத்தோடு வந்தது. பழைய ஜே.டி.பி. பம்பர் அதில் அப்படியே உட்காராது. ஆகவே ஃபைபரில் ஒன்று அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். டிங்கருக்கு அதில் திருப்தி இல்லை.

“ஃபைபரு ஒரு இடி வாங்குனா விரிஞ்சுரும் தம்பி. கம்பெனித் தோலு நசுங்கி மறுபடி வெளிய வந்துரும். ஆனா அதுல பட்டி நிக்காது, பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காமப் பெயிண்ட் போட்டா மூணு மாசத்துல உரிஞ்சு தொங்கும்” என்றார்.

பாலிபுரோப்பிலீனில் எதுவும் எளிதில் ஒட்டாது என்று நான் பொறியியல் கல்லூரியில் படித்ததை, அவர் கையால் படித்திருந்தார்.

காற்றுத் திறப்பு விஷயத்திலும் அவர் கறாராக இருந்தார். மின்காருக்குப் பெரிய வாய் தேவையில்லை என்பது பாதி உண்மை. ஏ.சி. கண்டென்சர் முன்னால் இருக்கிறது. டியாகோவின் பேட்டரி திரவத்தால் குளிர்விக்கப்படுவது, அதற்கும் காற்று வேண்டும். அழகுக்காக வலையை அடைத்துவிட்டால் திண்டுக்கல் சித்திரை வெயிலில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். நேர்மாறாக, காற்றைத் தடுக்கும் துடுப்புகளை ஒட்டினால் தூரம் குறையும். 80-ல் போகிறவர் 100-ல் போனால் மட்டுமே காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. நான்குவழிச் சாலையில் துடுப்பின் பாரபட்சம் தெரியும், ஊருக்குள் தெரியாது.

சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொன்னது. பம்பர் வடிவத்துக்கு ஆர்.சி.யில் கட்டம் கிடையாது, நிறத்துக்கு உண்டு. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிகளை, அதாவது புல்-பாரை, மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடுத்துவிட்டது. மோதும்போது நடந்து போகிறவனைக் கொல்வதும், மோதலின் விசையைத் திசைமாற்றி ஏர்பேக்கைக் குழப்புவதும் அந்தக் கம்பிதான். கரூர்ப் பட்டறைகளும் இதே மாதிரி ஒரு கட்டத்தைத் தாண்டியவை. பஸ் உடலுக்கு ஏ.ஐ.எஸ். 052 என்ற விதிமுறை வந்தபோது, கண்ணளவில் கட்டியவர்கள் வரைபடத்துக்கு மாற வேண்டியிருந்தது. கார் பம்பருக்கு அப்படி ஒரு உள்ளூர்ப் பாதை இன்னும் இல்லை. கம்பெனிகளோ கறுப்பு ட்ரிம்மும் ஸ்டிக்கரும் வைத்து ‘ஸ்பெஷல் எடிஷன்’ விற்கின்றன. ஷோரூமில் மாட்டினால் ரசனை, வடமதுரையில் மாட்டினால் அடாவடி என்ற பேச்சு எனக்கு ஒப்பாது.

அந்தப் பையன் கடைசியாக ஒன்று கேட்டான். ஃபைபர் முகம் கொஞ்சம் முன்துருத்தி நின்றது. உள்ளிருக்கும் எஃகு விட்டத்தின் ஓரத்தை ஒரு அங்குலம் அறுத்தால் ஒட்டி உட்கார்ந்துவிடும்.

“அதுல கைவெக்க மாட்டேன்” என்றார் டிங்கர். கிரைண்டரை ஓரமாக வைத்துவிட்டு, ஃபைபரின் உட்பக்கத்தை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். சாயங்காலம் வரை ஆனது.