தெரிந்து ஏற்ற சமயம்: மணிமேகலை முதல் அயோத்திதாசர் வரை

பல சமயங்களைக் கேட்டறிந்து ஒன்றைத் தனக்கெனத் தேர்ந்துகொள்வது இக்காலத்துப் புதுமை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தமிழ் நூல்கள் வேறு வரலாற்றைச் சொல்கின்றன. தேர்வு இங்கே பழையது. எதை அளவுகோலாகக் கொண்டு தேர்வது, தேரும் உரிமை யாருக்கு என்பவையே காலந்தோறும் மாறிவந்துள்ளன.

மணிமேகலைக் காப்பியத்தின் 27ஆம் காதை இதற்கு முதன்மைச் சான்று. வஞ்சி நகரில் அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பத்துப் பேரின் கொள்கைகளை மணிமேகலை கேட்கிறாள். சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர் ஆகியோரும் அவர்களுள் உண்டு. காப்பிய ஆசிரியர் சாத்தனார் பௌத்தர், முடிவு எதுவென்பது அவருக்கும் படிப்பவருக்கும் முன்பே தெரியும். ஆயினும் பிறர் கொள்கைகளை அவரவர் கலைச்சொற்களாலேயே அவர் சொல்ல விடுகிறார். காட்சி ஒன்றையே சான்றாக ஏற்கும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானம் இன்றி எவ்வாறு அறிந்தாய் என்று மணிமேகலை மடக்குகிறாள். பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருமம் உரைக்கும்போதும் பிரமாணங்களிலிருந்தே தொடங்குகிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், அவற்றின் போலிகள் என 29ஆம் காதை விரிக்கும் பகுதி திங்நாகர் வழிவந்த பௌத்த அளவை மரபைச் சார்ந்தது. அதன் பிறகே அவள் நோன்பு ஏற்கிறாள். இங்கே அளவுகோல் தருக்கம்.

இக்காப்பியத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. மணிமேகலை ஆண் தவசியின் வடிவில்தான் வஞ்சிக்குள் நுழைகிறாள். இளம்பெண் என்று கண்டால் எவரும் தம் சமயப்பொருளை உரைக்கமாட்டார்கள் என்று தெய்வமே அவளை முன்னரே எச்சரித்து, வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தையும் தந்திருந்தது. பட்டிமண்டபங்கள் நிறைந்த நாட்டில் கேட்கும் உரிமைக்கே வேடம் தேவைப்பட்டது. உரைகாரர்கள் இதைக் கதைப்போக்காகக் கொண்டு கடந்துவிடுவது பெருங்குறை.

ஏழாம் நூற்றாண்டில் அளவுகோல் மாறுகிறது. பின்னர் அப்பர் எனப்பட்ட மருள்நீக்கியார் உலகின் நிலையாமை கண்டு, சமயங்களின் நல்ல நெறியைத் தெரிந்துணர முயன்றே சமணம் புகுந்ததாகப் பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடுகிறார். தமிழகத்துப் பாடலிபுத்திரத்தில் தருமசேனராக உயர்ந்த அவரைத் திருவதிகைக்குத் திருப்பியது எந்த வாதமும் அன்று. சூலைநோயும் தமக்கை திலகவதியாரும்தான். தேடியவர் மனிதர், முடிவு செய்தது அருள் என்ற இந்த அமைப்பு பக்தி மரபில் ஆழ வேரூன்றியது. தன் உடம்பில் உணர்ந்ததைவிட வலிய சான்று பக்தருக்கு வேறில்லை. நீலகேசி போன்ற சமண நூல்கள் வாதநெறியைத் தொடர்ந்தாலும், மக்கள் நெஞ்சில் நிலைத்தது அப்பரின் வழியே.

மூன்றாம் அளவுகோலைக் கொண்டுவந்தவர் அயோத்திதாசர் (1845–1914). இளமையில் அத்வைத ஈடுபாட்டுடன் நீலகிரியில் சபை நடத்திய அவர், 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் ஒடுக்கப்பட்டோருக்குச் சிவன், விஷ்ணு கோயில்களில் நுழையும் உரிமை கேட்டார், மறுத்தார்கள். ஒரு சமயம் என்ன சொல்கிறது என்பதோடு, தன்னைச் சேர்ந்தவனை எங்கே நிறுத்துகிறது என்ற கேள்வியும் அப்போது தேர்வுக்குள் வந்துவிட்டது. 1898இல் பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் தொடங்கிய தம் வார இதழில், தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்றும் அதனாலேயே தாழ்த்தப்பட்டார்கள் என்றும் தமிழ் நூல்களைச் சான்று காட்டி வாதிட்டார். அவரது வரலாற்று முடிவுகள் சிலவற்றை ஏற்பது கடினம். ஆனால் மதமாற்றம் என்று பிறர் சொன்னதை மீட்பு என்று அவர் நிலைநாட்டியது சிந்தனை வரலாற்றில் பெரிய நகர்வு. உ.வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்ததும் அயோத்திதாசர் பஞ்சசீலம் ஏற்ற அதே 1898இல்தான். கும்பகோணம் ரங்காசாரியாரிடம் பௌத்தக் கருத்துகளைக் கேட்டுத் தெளிந்து அவர் உழைத்த பதிப்பு அது.

சென்னைப் பௌத்தத்தின் மற்றொரு தூணான பேராசிரியர் பொ. லட்சுமி நரசு, அச்சமயத்தை அறிவுநெறியாக விளக்கி 1907இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அந்நூலை 1948இல் தம் முன்னுரையுடன் மறுபதிப்புச் செய்தவர் அம்பேத்கர். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் இயோலாவில் அறிவித்த பின் சீக்கியத்தை ஆழ்ந்து பரிசீலித்து, பிற சமயங்களையும் எடைபோட்டு, 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் ஏற்றார். இடைப்பட்ட 21 ஆண்டுகளில் சாத்தனாரின் தருக்கமும் அயோத்திதாசரின் சமத்துவக் கேள்வியும் ஒரே மனிதரின் தேடலில் சேர்ந்தன. வேடம் எதுவும் இன்றி, அன்று லட்சக்கணக்கானோர் அவருடன் தீட்சை பெற்றனர்.