சாத்தனும் கொற்றனும் யார்? பானை ஓடுகள் சொல்லும் பழந்தமிழர் பெயர்க் கதை

தமிழ் இலக்கண உரைகளைப் படித்தவர்களுக்குச் சாத்தன், கொற்றன் என்ற இருவரையும் நன்றாகத் தெரியும். எழுவாய், பயனிலை எதை விளக்க வேண்டுமானாலும் உரையாசிரியர்கள் இவர்களைத்தான் அழைப்பார்கள். சாத்தன் வருவான், கொற்றன் போவான். எடுத்துக்காட்டுக்காகப் பிறந்த பெயர்கள் என்றே பலர் நினைத்திருப்பார்கள்.

ஆனால் இந்தப் பெயர்களை உடையவர்கள் உண்மையிலேயே வாழ்ந்திருக்கிறார்கள், அதுவும் கடல் கடந்து. எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள குசைர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் சாதன், மற்றொன்றில் கணன் என்ற பெயர்கள் இருந்தன. இரண்டும் கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதே கடற்கரையில் பெரெனிகே துறைமுகத்தில் கிடைத்த சாடித் துண்டில் கொற்றன் என்ற தலைவனின் பெயர் இருப்பதாகக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார்.

அரசர்களின் பெயர் கல்லில் நிற்பது வியப்பல்ல. சோறு தின்ற பாத்திரத்தில் சாதாரண மனிதனின் பெயர் நிற்பதுதான் தமிழகத்துத் தனிச் சிறப்பு. கீழடியிலும், நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலிலும் இத்தகைய ஓடுகள் நிறையக் கிடைத்துள்ளன. பெரும்பாலும் சுட்ட பானையில் கூரான ஆணி போன்ற ஒன்றால் கீறிய எழுத்து. ஓட்டுக்கு ஓடு கையெழுத்து மாறுகிறது. ஆகவே பானைக்கு உரியவர்களே எழுதியிருக்கலாம் என்பது தொல்லியலாளர் கருத்து. 'இது என்னுடையது' என்று சொல்ல ஒரு பெயர் போதுமாக இருந்தது.

கீழடி ஓடு ஒன்றில் 'குவிரன் ஆதன்' என்றும், கொடுமணல் ஓடு ஒன்றில் 'கண்ணன் ஆதன்' என்றும் இரட்டைப் பெயர் உள்ளது. தமிழ் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால் வரும் என்று கொண்டால், குவிரனின் மகன் ஆதன், கண்ணனின் மகன் ஆதன் என்று பொருள். ஒரே ஊரில் நான்கு ஆதன் இருந்தால் வேறு எப்படிப் பிரித்துச் சொல்வது? இதில் இன்னொரு செய்தியும் உண்டு. குவிரன், திசன், சுமணன் போன்றவை வடபுலத்துப் பிராகிருதப் பெயர்கள். வணிகரோடும் துறவிகளோடும் வந்து, 'அன்' விகுதி சேர்ந்து தமிழ்ப் பெயர்களாகவே புழங்கியிருக்கின்றன.

'மகன்' என்று வெளிப்படையாக எழுதும் வழக்கமும் அன்றே இருந்தது. கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில், யாற்றூர்ச் செங்காயபன் என்ற சமணத் துறவிக்குப் பாறையில் உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தி வெட்டப்பட்டுள்ளது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரர் ஒரே தொடரில் வருகின்றனர். மூவருக்கும் பொதுவான குடும்பப் பெயர் எதுவும் அதில் இல்லை. இணைப்பது 'மகன்' என்ற சொல்தான். அதே மலையில் பிட்டன் என்பவரின் மகள் செய்வித்த உறைவிடமும் உண்டு.

நம் மலேசிய அடையாள அட்டையில் உள்ள 'ஏ/எல்', 'ஏ/பி' என்பதும், சிங்கப்பூரில் பழகிய 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்பதும் மலாய், ஆங்கிலச் சுருக்கங்கள். அலுவலகம் தந்த வடிவம். ஆனால் அவை சொல்லும் உறவு புகளூர்ப் பாறையில் உள்ளதேதான். வரிசை மட்டும் மாறியிருக்கிறது. வெளிநாட்டு விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தின் முன் பேனாவை வைத்துக்கொண்டு விழிப்பவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. அந்தக் கட்டத்துக்கு நம்மிடம் பெயர் இல்லாதது குறையல்ல. நம் பெயர் முறை வேறு.

தகப்பன் பெயர் மட்டுமல்ல, தொழிலும் ஊரும் ஆளை அடையாளம் காட்டின. தோட்டத்தில் கிராணி, மண்டோர், டிரைவர் என்று தொழிலை முன்னால் வைத்துப் பெயர் சொல்லும் பழக்கம் நமக்குத் தெரிந்ததுதானே! மதுரை அருகே அழகர்மலைக் குகையில் கொடையளித்தவர்களின் பட்டியலும் அப்படித்தான் இருக்கிறது: உப்பு வணிகன் வியகன், கொழு வணிகன் எளசந்தன். கொழு என்பது ஏர்க்கலப்பையின் இரும்பு முனை. புகளூரில் கருவூர்ப் பொன் வணிகன் நத்தி இருக்கிறான். சங்கப் புலவர்களிலும் இதே முறை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி. முல்லைப்பாட்டைப் பாடியவரோ காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். ஊர், தகப்பன் தொழில், தன் பெயர் மூன்றும் அதில் அடங்கிவிட்டன. ஒக்கூர் மாசாத்தியார் பெண்பாற் புலவர். சாத்தன் என்பதற்குப் பெண்பால் சாத்தி.

பெயர் தொலைந்த புலவர்களும் உண்டு. பாட்டு கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. தொகுத்தவர்கள் பாட்டில் உள்ள நயமான தொடரையே எடுத்துப் பெயராக்கிவிட்டார்கள். குறுந்தொகையின் செம்புலப்பெயல்நீரார் அப்படி வந்த பெயர்தான். தகப்பன், ஊர், தொழில் எதுவும் அவருக்கு இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது. தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்ற இடத்தில் பொன்னின் மாற்றுப் பார்க்கும் சிறிய உரைகல் ஒன்று கிடைத்தது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் தமிழில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. பத்தன் என்பது பொற்கொல்லரைக் குறிக்கும் சொல் என்பதால், இது இயற்பெயரா தொழிற்பெயரா என்று அறிஞர்கள் பேசுகிறார்கள். கல்லின் சொந்தக்காரருக்கு அந்தச் சந்தேகம் இருந்திருக்காது. பட்டறையில் கல் இடம் மாறிவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. அந்தக் கல் இன்று குளோங் தோம் ஊரில் உள்ள புத்த ஆலய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.