வெப்ப எழுகாற்று முன்கணிப்பு

இஞ்சின் இல்லாத கிளைடரும் பாராகிளைடரும் உயரம் பிடிக்க உதவும் எழுகாற்று (தெர்மல்) எங்கே, எப்போது கிளம்பும் என்பதைப் பழைய பறப்புப் பதிவுகளிலிருந்து மதிப்பிடும் முறை. வெயிலில் சூடேறிய நிலம் தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்க, அது குமிழாகவோ தூணாகவோ மேலெழுகிறது. தரிசு நிலமும் பாறையும் சீக்கிரம் சூடேறும். நீர் நின்ற வயல் தாமதிக்கும்.

1990களின் நடுவில் வந்த ஐஜிசி என்னும் பறப்புப் பதிவுக் கோப்பு, நேரம், இடம், உயரம் மூன்றையும் சில நொடிக்கொரு முறை குறித்துவைக்கிறது. விமானி வட்டமடித்தபடி உயர்ந்த இடமே எழுகாற்று. விமானம் நொடிக்கு 2 மீட்டர் ஏறி, அசைவற்ற காற்றில் அது 1 மீட்டர் இறங்கக்கூடியதானால், காற்று மேலெழும் வேகம் நொடிக்கு 3 மீட்டர். காற்றோட்டத்தில் தூண் சாய்வதால், அது தரையில் கிளம்பிய இடத்தைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். இத்தகைய ஆயிரக்கணக்கான ஏற்றங்களை மாதம், மணி வாரியாகத் தொகுத்தால் வரைபடம் கிடைக்கும்.

2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இமாசலப் பிரதேசத்தின் பீர்-பில்லிங்கில் பெரும்பாலோர் தௌலாதார் மலைச்சரிவை ஒட்டியே பறப்பார்கள். பதிவுகளும் அங்கேதான் குவியும். இம்முறையின் பெரிய குறை இதுதான்: வரைபடம் காட்டுவது காற்றை மட்டுமல்ல, விமானிகளின் பழக்கத்தையும். பாராகிளைடர் வழக்கமில்லாத, தமிழ்நாட்டின் வேப்பூர், விருத்தாசலம் சமவெளி அதில் வெறுமையாகவே இருக்கும். ஆனால் சித்திரை நண்பகலில் அங்கே இறக்கை அசைக்காமல் வட்டமிடும் பருந்துக்குக் காற்றுக் குறைவில்லை.

பறக்கப்போகும் நாளின் மேகம், மழை, ஈரப்பதம் பழைய பதிவில் இராது. வானிலை முன்னறிவிப்பையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.